லைன் மூடுறாங்க

பவளத்துக்குத் தெரிந்த முதல் இங்கிலீஷ் வார்த்தை 'லைன்'. அது இங்கிலீஷ் என்பதே அவளுக்கு வெகுநாள் தெரியாது. தகரக் கூரை போட்டு, சுவரோடு சுவர் ஒட்டி, ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முகிற அந்த வரிசை வீடுகளுக்குக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேறு பெயர் கிடையாது. பிறந்தது லைனில், பெரியமனுஷி ஆனது லைனில், அப்பா தங்கையாவைக் கிடத்தி வைத்து அழுததும் லைன் வாசலில்தான்.

லைன் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் இருக்க வேண்டும். பேரை வெட்டினால் வீடும் போயிற்று. "அவனுக்குப் பேரு வெட்டிட்டாங்க" என்று யாராவது சொன்னால் பெண்கள் வாயில் கை வைத்துக்கொள்வார்கள். சாவுச் செய்திக்கு அடுத்தபடி அதுதான். மண்சரிவில் தங்கையா செத்த வருஷம், கருமாதி முடிந்த மறுநாளே பவளத்தின் அம்மா வேலாயி முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய் நின்றாள். பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற இடம். புருஷன் போன ஈரம் காயவில்லை, அதற்குள் கூடையா என்று நாலு பேர் பேசினார்கள். பேசினவர்களா வந்து கூரை போட்டுத் தரப் போகிறார்கள்? அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேர் இருந்தது, வீடு இருந்தது, மகள் வளர்ந்தாள்.

எழுபத்து மூன்றில் பினாங்கிலிருந்து ஒரு வேன் மலையேறி வந்தது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று அங்கே பெரிய தொழிற்சாலை திறக்கிறதாம், கண் நன்றாகத் தெரிகிற, விரல் சின்னதாக இருக்கிற பெண்கள் வேண்டுமாம். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல வந்தவர் பவளத்தின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கங்காணி ரெங்கசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"போறதுன்னா போ. ஆனா பேரு வெட்டினது வெட்டினதுதான். நாளைக்கு வந்து என் காலுல விழக்கூடாது."

"எம்பேரு இருக்குல்ல, அது போதும். அவ போகட்டும்லா" என்றாள் வேலாயி.

தொழிற்சாலையில் முதல் சில வாரம் பயிற்சி அறை. நீள மேசைகள், மேசைக்கு மேசை ஒரு பூதக்கண்ணாடிப் பொறி. கண்ணை அதில் வைத்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைக் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு சில்லில் ஒட்ட வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து வில்மா என்ற பெண்மணி வந்திருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, சங்கிலி கோர்த்த கண்ணாடி. பெருத்த கைதான், ஆனால் கம்பியைத் தொட்டால் அந்தக் கை ஆடாது. மற்ற வெள்ளைக்காரர்கள் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இவள் பவளத்தின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, சோறு தின்கிற நேரத்திலும் கூடவே இருந்தாள்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பவளம் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், ஊருக்கு எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டாள். வில்மா கரண்டியைக் கீழே வைத்தாள். நீங்கள் எல்லாரும் கற்றுக்கொண்டதும் போய்விடுவேன் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். போனதும் எங்கள் லைனை மூடிவிடுவார்கள் என்றாள்.

பவளம் சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். லைனை மூடுகிறார்களா? இவ்வளவு தூரம் கடல் தாண்டி அனுப்பி வேலை வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் வீட்டைப் பூட்டுகிறார்களா? படுபாவிகள். வெள்ளைக்காரிக்கும் லைன் வீடு உண்டு என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும், ஆனால் அதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. வேலை செய்கிறவர்கள் வேறு எங்கே இருப்பார்கள்? தொழிற்சாலையில் மிஷின் வரிசைக்கும் 'லைன்' என்றுதான் பெயர் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பயிற்சி அறையில் இருந்தது வெறும் மேசைகள்தானே.

"எங்க லைனுக்கு வாங்க. எங்கம்மா இருக்காங்க. இடம் இருக்கு" என்றாள். வில்மாவுக்கு என்ன புரிந்ததோ, பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து வந்த நீண்ட விடுமுறையில் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைப்பாதை முழுக்க வில்மா வாந்தி எடுத்தாள். தானா ராத்தாவில் இறங்கிச் சூடாகத் தேத்தண்ணி குடித்தபின்தான் முகத்தில் ரத்தம் வந்தது. தோட்டத்து லோரியில் முன் இருக்கையில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். வேலாயிக்கு மகள் முன்கூட்டியே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். பாவம் அந்த அம்மாவுக்கு லைன் இல்லாமல் போகப்போகிறது என்று. வேலாயி முன்னறையைக் கழுவி, கட்டிலை அங்கே இழுத்துப் போட்டு, தன் பாயை அடுப்படிக்குக் கொண்டுபோயிருந்தாள். விருந்தாளிக்குச் செய்கிற காரியம் இல்லை அது, தங்க வருகிறவளுக்குச் செய்கிற காரியம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைக்காரியைப் பார்க்க லைனே வாசலில் கூடிவிட்டது. கங்காணி ரெங்கசாமியும் சலவைச் சட்டையோடு வந்தார். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி சிவசாமி, இங்கிலீஷ் பேசத் தமக்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் முன்னால் வேலாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கங்காணியிடம் கேட்டாள்.

"அண்ணே, இந்தம்மா பேர செக்ரோல்ல எழுதிக்குங்க. கொழுந்து கிள்ள நான் பழக்கிவிடறேன். கடைசி வீடு காலியாத்தானே கெடக்கு."

கங்காணி வெற்றிலை புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். லைன் முழுக்கச் சிரித்தது. வெள்ளைக்காரி கூடை மாட்டிக்கொண்டு பெரட்டில் நிற்பதை நினைத்து நினைத்துச் சிரித்தார்கள். "துரைசாணிக்கே பேரு எழுதறியா வேலாயி? அப்ப துரைக்கு?" என்று ஒருத்தன் கேட்டான். பவளத்துக்கு முகம் சிவந்துபோயிற்று. சிவசாமி கிராணி வில்மாவிடம் விசாரித்து, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். அது வீடு இல்லையாம், மிஷின் வரிசையாம், அவர்கள் ஊரில் அதற்கும் லைன் என்றுதான் பேராம்.

எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று வில்மா கேட்டாள். கிராணி சொன்னார். அவள் சிரிக்கவில்லை. வேலாயியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இந்த அம்மா தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லுங்கள் என்றாள்.

அப்புறம் அவள் பேசப் பேச, சிவசாமி சொல்லச் சொல்ல, வாசலில் சத்தம் அடங்கியது. பெரிய சண்டை நடந்தபோது வில்மாவுக்குப் பள்ளிக்கூடம் முடிந்த வயது. ஆண்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போனதால் ரேடியோ தொழிற்சாலையில் பெண்களைக் கூவிக் கூவிக் கூப்பிட்டார்கள். நீங்கள் இல்லாவிட்டால் நாடே இல்லை என்றார்கள். இவளும் போனாள், கப்பலுக்கும் விமானத்துக்கும் ரேடியோ செய்தாள். சண்டை முடிந்தது. ஆண்கள் வந்துவிட்டார்கள், நீங்கள் போய்ச் சமையுங்கள் என்று ஒரே வாரத்தில் வாசலைக் காட்டினார்கள். காட்டியது, கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்த அதே மேனேஜர்தான்.

சண்டையிலிருந்து வந்தவனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொள்ள சர்க்கார் ஜாமீன் நின்றது, பேங்க் கடன் கொடுத்தது. வாசலில் புல், பின்னால் ஒரு ஆப்பிள் மரம், பக்கத்தில் கார் நிறுத்த ஒரு அறை. அந்தத் தெரு முழுக்க அப்படி வந்த வீடுகள். டெலிவிஷன் வந்தது, ஊருக்கு ஊர் தொழிற்சாலை, எங்கே பார்த்தாலும் புதுக் கார். இவளும் திரும்ப வேலைக்குப் போனாள். புருஷன் நெஞ்சடைத்துச் செத்தபின் அந்த வேலைதான் பேங்குக்குப் பதில் சொன்னது. வேலை நின்றால் வீடு நிற்காது.

"அதத்தானே நானும் சொன்னேன்" என்றாள் வேலாயி, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து. யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். ஒரு மகன் என்றாள் வில்மா. வியட்நாம் சண்டைக்குப் போய் வந்தவன்.

"அவனாப் போனானா, பிடிச்சிக்கிட்டுப் போனாங்களா? கேளுங்க கிராணி" என்றாள் வேலாயி.

சிவசாமி கேட்டார். பதிலைச் சொல்ல அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. "பிடிச்சிக்கிட்டுத்தான் போனாங்களாம். பிறந்த நாளச் சீட்டுல எழுதி, குலுக்கி எடுத்து, எந்தத் தேதி வருதோ அன்னிக்குப் பிறந்த பையன எல்லாம் கூப்பிட்டாங்களாம். காலேஜ்ல படிக்கிற புள்ளைங்க ரொம்பப் பேரு தப்பிச்சிக்கிட்டாங்களாம். இவங்க தெருவுல யாரும் காலேஜ் போகல."

சப்பான்காரன் காலத்தில் வேலாயி சிறுபிள்ளை. கீழே ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். சயாமில் ரயில்பாதை போட ஆள் வேண்டும் என்று லோரியைக் கொண்டுவந்து நிறுத்தி, கையில் அகப்பட்டவனை எல்லாம் ஏற்றினான். அவள் அப்பா ரப்பர்ப் பால் வாளியோடு ஏறியவர். வாளிகூடத் திரும்பி வரவில்லை.

"சப்பான்காரன் சீட்டு எல்லாம் குலுக்கல" என்றாள். "உங்க மகன் திரும்பி வந்துட்டானில்ல. அது போதும்மா."

வில்மா தலையை ஆட்டினாள். வந்துவிட்டான், ஆனால் கார் நிறுத்துகிற அறையிலேயே உட்கார்ந்திருக்கிறான், யாரோடும் பேசுவதில்லை என்றாள். தெருவில் அவன் அப்பா வயது ஆட்களை எல்லாம் ஒருகாலத்தில் மேளம் கொட்டி வரவேற்றார்கள். இவன் இறங்கி வந்தபோது ஒருத்தரும் என்ன, ஏது என்று கேட்கவில்லை. அந்தச் சண்டையைப் பற்றி வீட்டுக்கு வீடு தகராறு, அப்பனும் மகனும் ஒரே மேசையில் சாப்பிடுவதில்லை. எல்லாரும் சேர்ந்து ஜெயித்த ஊரில் இப்போது ஒவ்வொருத்தரும் தனித்தனியாகத் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். சிவசாமி அதை இரண்டு தரம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார், வாசலில் இருந்தவர்களுக்குச் சரியாக விளங்கவில்லை. வேலாயிக்கு விளங்கிய மாதிரி இருந்தது. எழுந்து போய்ச் சோறு வடித்தாள்.

மறுநாள் தானா ராத்தா பஸ் நிலையத்தில் வில்மா வேலாயியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்னவென்று மகளைக் கேட்டாள் வேலாயி.

"நமக்கு எப்பவாச்சும் லைன் இல்லாமப் போனா, அவங்க வீட்டுக்கு வந்துரணுமாம்."

வேலாயி இதைத் தலைப்பூ மாதிரி வைத்துக்கொண்டாள். கொழுந்துக் காட்டில் யாராவது வம்புக்கு இழுத்தால் "எனக்கென்ன, அமெரிக்காவுல வீடு இருக்குலா" என்பாள். அமெரிக்காக்காரி என்று அவளுக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. அதைக் கேட்டால் அவளுக்குக் கோபம் வராது.

வில்மா போனாள். பவளம் பயிற்சி அறையிலிருந்து நிஜ லைனுக்குப் போனாள். நாளும் பொழுதும் கண்ணாடிப் பொறியில் கண். இந்தச் சில்லு எதற்குள் போகிறது என்று ஒருநாள் மேற்பார்வைக்காரியிடம் கேட்டாள். கணக்குப் பொறி, கைக்கடிகாரம் என்றாள் அவள். வேறு சிலது எதற்கென்று எனக்கும் தெரியாது, உனக்கு எதற்கு என்றாள். அப்புறம் பவளம் கேட்கவில்லை. ராஜு என்று ஒரு லோரி டிரைவர் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லி, சொல்லிக்கொண்டே இருந்து, வேறு யாரையோ கட்டிக்கொண்டான். அந்த அழுகையைக்கூட அவள் கழிவறையில் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண் ஈரமாக இருந்தால் கம்பி தெரியாது.

சில வருஷம் கழித்து வில்மாவின் ஊர்க்கார இன்ஜினியர் ஒருவர் மிஷின் பார்க்க வந்தார். பவளம் அவளைப் பற்றி விசாரித்தாள். அவர் மென்றுவிழுங்கினார். அங்கே அவள் வேலை செய்த தொழிற்சாலை பூட்டிக்கிடக்கிறது, கார் நிறுத்துகிற இடத்தில் புல் முளைத்துவிட்டது என்றார். ஊரில் இருந்த இரும்பு ஆலையும் போய்விட்டது. அந்தத் தெருவில் பாதி வீட்டு ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று. வில்மாவின் வீட்டை பேங்க் எடுத்துக்கொண்டது. இப்போது ஊருக்கு வெளியே சக்கரம் வைத்த ஒரு தகர வீட்டில் இருக்கிறாள், ரொட்டிக் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தொப்பி போட்டுக்கொண்டு வேலை செய்கிறாள். மகன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பவளம் அன்று முழுக்கக் கம்பியைத் தப்புத் தப்பாக ஒட்டினாள். என் விரல் கற்றுக்கொண்டதால் அவள் வீடு போயிற்றா என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போகவே மாட்டேன் என்றது. அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கிழவிக்கு இருக்கிற ஒரே சொத்து அந்த அமெரிக்கா வீடு.

எண்பத்தைந்து வந்தது. வருஷக் கடைசியில் வேலாயிக்கு ஓய்வு, அதோடு பேர் போகும், லைன் போகும். பவளம் அதற்கு வழி வைத்திருந்தாள். பினாங்கில் அடுக்குமாடியில் ஒரு சின்ன வீட்டுக்குச் சொல்லிவைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, பக்கத்து வீட்டுத் துணி தெரியும். ஆனால் அம்மாவுக்குக் கூரை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அந்த ஆகஸ்டில் ஒரு நாள் எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். அமெரிக்காவில் வியாபாரம் படுத்துவிட்டது, கம்பி ஒட்டத் தானாக ஓடுகிற மிஷின் வந்துவிட்டது, ஆகவே வருத்தத்தோடு, என்று நீட்டி முழக்கிவிட்டு, இந்த லைனை மூடுகிறோம் என்றார். சுற்றிலும் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பவளத்துக்குத் தகரக் கூரைதான் கண்ணில் வந்தது. முதல்தடவை வில்மா வாயிலிருந்து கேட்டபோது எப்படிக் கேட்டதோ, அதேபோல்தான் இப்போதும் கேட்டது. வேலை இல்லாதவளுக்கு அடுக்குமாடிக்காரன் சாவி கொடுப்பானா?

மலைக்குத் திரும்பினாள். அம்மாவின் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டில் போய் நின்றாள். ரெங்கசாமிக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. அவர் பேர்களைக் கூப்பிட்டு முடித்தார். பவளம் நின்றுகொண்டே இருந்தாள். மறுநாளும் போய் நின்றாள். அதற்கு மறுநாள் மழையில் நின்றாள். கடைசியில் கங்காணிக்கே தாங்கவில்லை.

"ஏம்மா இப்படிக் கொல்றே? அன்னிக்கே சொன்னேன்ல."

"அம்மா இருக்கற வீடு அண்ணே. எம்பேர எழுதினா அவங்க இருந்துக்குவாங்க."

"எழுதக்கூடாதுன்னா இருக்கேன்? புது ஆளே எழுதறதில்லலா இப்ப. கிள்ளுற வேலை போயி கத்தரிக்கோல் வந்துருச்சு, நாலு ஆளு வேலைய ஒருத்தன் வெட்டறான். அதுவும் காண்ட்ராக்ட். இந்தோனேசியாக்காரன் ஷெட்டுல படுத்துக்கிறான், லைன் கேக்கறதில்ல." கொஞ்சம் நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்தக் கண்ணாடிப் பொறியில பாத்துப் பாத்து ஒனக்குக் கண்ணும் சரியில்லன்னு சொன்னாங்க. அந்தா, அந்த ஆளு யாரு சொல்லு?"

சரிவில் யாரோ நின்றார்கள். ஆணா பெண்ணா என்றுகூடப் பவளத்துக்குத் தெரியவில்லை. ஒரு பேரை உத்தேசமாகச் சொன்னாள். கங்காணி குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனார். சரிவில் நின்றது ஆளே இல்லையாம், கொழுந்துப் பெண்கள் சால்வையை மாட்டிவைத்த கம்பு என்று பிறகு வேலாயி சொல்லித் தெரிந்தது.

வருஷக் கடைசியில் லைனைக் காலி செய்தார்கள். கீழே பள்ளத்தாக்கில், லெம்பா பெர்த்தாமில், முனியாண்டி என்பவரின் காய்கறித் தோட்டத்தில், கோணி அடுக்குகிற கொட்டகையில் ஒரு மூலை கிடைத்தது. கோஸ் வெட்டிக் கொடுத்தால் இருந்துகொள்ளலாம். அங்கேயும் அதே சட்டம்தான், செக்ரோல் மட்டும் இல்லை. பானை, பாய், சாமி படம் எல்லாம் லோரியில் ஏறின. வேலாயி கூடையை விட்டுவிட்டு வர மனசில்லாமல் அதையும் மடியில் வைத்துக்கொண்டாள். வழியனுப்ப வந்த பெண்கள் யாரும் அன்றைக்கு அவளை அமெரிக்காக்காரி என்று கூப்பிடவில்லை.

லோரி திருப்பத்தில் இறங்கும்போது வேலாயி மகளின் முழங்கையைத் தொட்டாள். இத்தனை நாளாக வாய்வரை வந்து வந்து விழுங்கியதை அப்போதுதான் கேட்டாள்.

"ஏன் பவளம், அந்த வில்மா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனாளே. லைன் இல்லாமப் போனா வந்துருங்கன்னு. அவகிட்ட ஒருதரம் கேட்டுப் பார்ப்போமா? ரெண்டு பேருதானே நாம. அடுப்படியில படுத்துக்கலாம்."

பவளம் சரிந்த பானையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லலாம். இத்தனை வருஷம் மறைத்ததுதானே. ஆனால் கொட்டகைக்குப் போகிற வழியில் அந்தப் பொய்யை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அவளுக்கே லைன் இல்லம்மா" என்றாள். "அப்பவே போயிருச்சு. மூடினதும் வீட்டையும் எடுத்துக்கிட்டாங்க."

வேலாயி கூடையின் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தாள். பக்கத்தில் மலை முழுக்கக் கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டிய தேயிலை.

"பாத்தியா" என்றாள் பிறகு. "கங்காணி அன்னிக்குச் சிரிக்காம அவ பேர எழுதியிருக்கலாம். கடைசி வீடு காலியாத்தானே கெடந்துச்சு."